நம்ம குடும்பம் குழு: மைனஸ் பஞ்சாயத்து

அக்கா: நாளைக்குப் பாப்பாவுக்குக் கணக்குப் பரீட்சை. −5 − 3 = 8 என்று போட்டிருக்கிறாள். மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ் என்று சின்னத் தாத்தா சொன்னாராம்.

சித்தப்பா: நான் சொன்னது சரிதான்.

அக்கா: எதற்குச் சரி சித்தப்பா?

சித்தப்பா: பெருக்கலுக்கு.

பெரியம்மா: அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே தம்பி.

பெரியப்பா: எண்கோடு போடச் சொல்லம்மா. நடுவில் 0, வலப்பக்கம் 1, 2, 3 என்று மிகை முழுக்கள், இடப்பக்கம் −1, −2, −3 என்று குறை முழுக்கள். −5இல் நின்று 3ஐக் கழித்தால் இன்னும் இடப்பக்கம் போக வேண்டும், −8. அதே −5இலிருந்து −3ஐக் கழித்தால் வலப்பக்கம் வர வேண்டும், −2. ஓர் எண்ணைக் கழிப்பதும் அதன் எதிரெண்ணை, அதாவது குறியை மட்டும் மாற்றிய எண்ணை, கூட்டுவதும் ஒன்றுதான். இருங்கள், இன்னும் இருக்கிறது.

மாமா: இன்னுமா!

பெரியப்பா: கி.பி. 628ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் சொத்து, குறை எண்ணைக் கடன் என்று வைத்து விதி எழுதிவிட்டார். கடனும் கடனும் சேர்ந்தால் கடன்தான். பூஜ்ஜியத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து.

அத்தை: கடன் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. தம்பி, அந்தப் பழைய பாக்கி?

சித்தப்பா: அதை ஏன் அக்கா இங்கே?

மாமா: பூஜ்ஜியத்திலிருந்து கழித்துவிட்டால் மச்சானுக்குச் சொத்து.

அத்தை: நீங்கள் சும்மா இருங்கள்.

அக்கா: பெருக்கினால் மட்டும் ஏன் பிளஸ் ஆகிறது என்று கேட்கிறாள்.

அண்ணன்: −4 × 2 = −8
−4 × 1 = −4
−4 × 0 = 0
ஒவ்வொரு படிக்கும் விடை 4 கூடுகிறது. அடுத்த படி −4 × −1. 4 தானே வர வேண்டும்?

அக்கா: புரிந்ததாம்!

பெரியப்பா: அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

பெரியம்மா: −20 பெரியதா, −3 பெரியதா? அதையும் கேள். அங்கேதான் தடுமாறுவாள்.

அக்கா: −20 என்கிறாள்.

மாமா: கடன் குறைந்தவர்தான் பெரியவர் என்று சொல்.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்?

அத்தை: பேச்சை மாற்றாதே.

பெரியப்பா: எட்டு மணிக்கு வீடியோ காலில் வகுத்தல் சொல்லித் தருகிறேன். குறி விதி பெருக்கலுக்கு உள்ளதேதான். ஆனால் −7ஐ 2ஆல் வகுத்தால் விடை முழுவாக வராது, அதை விளக்க வேண்டும்.

சித்தப்பா: எட்டு மணிக்கு நான் கூப்பிடுவதாக இருந்தேன்.

அக்கா: யாராவது ஒருவர் போதும்.

அண்ணன்: பாப்பா எட்டு மணிக்குத் தூங்கிவிடுவாளே?