கண்ணாடியில் பாதி முகம்

பல் தேய்க்கும்போதுதான் கவனித்தேன். கண்ணாடியில் என் நெற்றி தெரிகிறது. மூக்குக்குக் கீழே சாம்பல் திரை. வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். கோளாறு இடது கண்ணில். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. தூக்கக் கலக்கம் என்று இரண்டு நாளைக் கடத்தினேன், மடத்தனம்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், பார்வை நரம்பின் முனைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது வீங்கியிருக்கிறது என்றார். அப்புறம் கண்ணை விட்டுவிட்டு வேறென்னவோ விசாரித்தார். மெல்லும்போது தாடை வலிக்கிறதா? தலை சீவினால்? குறட்டை உண்டா? பிரஷர் மாத்திரை எந்த நேரத்தில்? உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் சரியாக இருந்தன.

"சரி, மருந்து?" என்றேன். போன பார்வையைத் திருப்பித் தரும் என்று நிரூபணமான மருந்து எதுவும் இல்லை என்றார். கோபமாக வந்தது. வீட்டில் உட்கார்ந்து தேடினேன். நரம்பின் உறையைக் கீறிவிடும் அறுவை சிகிச்சை ஒன்று இருந்திருக்கிறது. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறு மாதம் கழித்து எழுத்துப் பலகையில் மூன்று வரியாவது கூடுதலாகப் படித்தவர்கள், அறுவை செய்துகொண்டோரில் 33 சதவீதம், சும்மா இருந்தோரில் 43 சதவீதம்! அதோடு அதைக் கைவிட்டார்கள். ஸ்டீராய்டு பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

எனக்கு நடந்த சிகிச்சை எல்லாம் வலது கண்ணைக் காப்பாற்றத்தான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பரிசோதனையில் தெரிந்து, இப்போது காற்றை அழுத்தித் தரும் முகமூடி மாட்டித் தூங்குகிறேன். இரவில் ரத்த அழுத்தம் ரொம்ப இறங்காமல் இருக்க, மாத்திரையை மருத்துவரே காலைக்கு மாற்றினார். வீக்கம் இரண்டு மாதத்தில் வடிந்தது, நரம்பு வெளுத்துவிட்டது. படியில் இறங்கும்போது கடைசிப் படி இன்னும் ஏமாற்றுகிறது.

*

பதில்: அந்தத் தாடைக் கேள்வியை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். என் அம்மாவுக்கு 74 வயது. சீப்பு பட்டாலே தலை எரிகிறது என்பார், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார். பல் பிரச்சினை என்று நினைத்தோம். ஒரு கண் போன பிறகுதான் ரத்தக் குழாய் அழற்சி என்று தெரிந்தது. நெற்றிப்பொட்டில் ரத்தக் குழாயில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆனால் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். விட்டால் சில நாளிலேயே மறு கண்ணும் போய்விடுமாம். போன கண் போனதுதான். மற்றொன்றில் இன்றும் ஊசியில் நூல் கோக்கிறார்.

*

பதில்: விளக்குப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கும் சோதனையில், கீழ்ப் பாதி முழுக்கக் கறுப்பாக வந்தது எனக்கும். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரல் வைத்துக்கொள்கிறேன்.