இணையம் இல்லாத ஊர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுபோவது எப்படி?

ஊருணி:
குடிநீர்ச் சுத்திகரிப்பு பற்றிய 40 ஆய்வுக் கட்டுரைகளைக் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கு அவர்கள் மொழியில் தரவேண்டும். பாதிக்கு மேல் காசு கட்டினால்தான் திறக்கின்றன. போய்ச்சேர வேண்டிய இடங்களில் நெட் இல்லை, கரண்டும் நிலையில்லை. முறைப்படி எடுப்பது, மொழிபெயர்ப்பது, கொடுப்பது மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
முதலில் ஒவ்வொரு கட்டுரையின் டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண்) அன்பேவால் என்ற, இலவசப் பிரதியைத் தேடித்தரும் தளத்தில் போட்டுப் பாருங்கள். இதழில் பூட்டியிருக்கும் கட்டுரையின் ஏற்கப்பட்ட பிரதி (இதழின் அச்சு வடிவமைப்புக்கு முந்தையது), ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடக்கலாம். அங்கும் இல்லையென்றால் தொடர்பு ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

வளரும் நாடுகளின் நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் ரிசர்ச்4லைஃப் திட்டம் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2002-இல் மருத்துவத்துக்கான ஹினாரியில் தொடங்கி, 2003-இல் வேளாண்மைக்கான அகோராவும் சேர்ந்தது. 'ஏ' பிரிவு நாடுகளுக்கு இலவசம், 'பி' பிரிவுக்குக் குறைந்த கட்டணம். ஆனால் நிறுவனம்தான் பதிவு செய்ய முடியும், தனி ஆளுக்கு இடமில்லை. அதில் எடுத்ததை வெளியாருக்குப் பிரதி போட்டுக் கொடுக்கவும் கூடாது. ஆகவே உங்கள் நிறுவனம் பதிவு செய்திருந்தாலும் அது நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள மட்டும். ஊருக்கு அனுப்ப அல்ல.

பதிப்புரிமை_பாலு:
இலவசமாகத் திறக்கிறது என்பதாலேயே மொழிபெயர்க்கலாம் என்று ஆகிவிடாது. பலர் சறுக்குவது இங்கேதான். சிசி பை (மூலத்தின் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமம்) என்றிருந்தால் ஆசிரியர் பெயர், மூல இணைப்பு, உரிமத்தின் பெயர், என்ன மாற்றினீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றோடு தாராளமாக மொழிபெயர்க்கலாம். அதோடு 'என்டி' (மாற்றக்கூடாது) ஒட்டியிருந்தால் அப்படியே பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பை வெளியிட முடியாது. 'எஸ்ஏ' இருந்தால் உங்கள் மொழிபெயர்ப்பும் அதே உரிமத்தில்தான் வரவேண்டும். உரிமமே போடாதவற்றுக்கு எழுத்துமூல அனுமதி வாங்குங்கள்.

பூட்டிய கட்டுரையானாலும் அதிலுள்ள தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்குத்தான். கண்டுபிடிப்பைச் சொந்த நடையில் எழுதி மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். 40 கட்டுரையையும் முழுசாகப் பெயர்ப்பதைவிடப் பணியாளர்களுக்கு அதுதான் உதவும் என்பேன்.

சில்லுக்கருப்பட்டி:
கொடுப்பதற்கு ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, கூடவே இணையமின்றிப் பக்கங்களைக் காட்டும் கிவிக்ஸ் மென்பொருள். பணியாளர்கள் அதன் வைஃபையில் போனை இணைத்துப் படிக்கலாம். பக்கங்களை எச்டிஎம்எல்லாக எழுதி, ஜிம்ரைட்டர்எஃப்எஸ் கருவி கொண்டு கிவிக்ஸ் படிக்கும் ஒரே ஜிம் கோப்பாகக் கட்டி, போன்களுக்குப் பக்கங்களைப் பரிமாறும் கிவிக்ஸ்-சர்வில் ஏற்றுங்கள். இரண்டு பத்தி பிடிஎஃப் வேண்டவே வேண்டாம், சின்ன போனில் படிக்க முடியாது.

எங்கே மாட்டும்:
– கோப்பு வைக்கும் தனி கார்டு எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. அதை எக்ஸ்எஃப்ஏடியாக ஃபார்மட் செய்யுங்கள்.
– கரண்ட் பட்டென்று போனால் எஸ்டி கார்டு கெடும். எல்லாம் ஏற்றி முடித்தபின் பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில், கார்டில் எதையும் எழுதவிடாத ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். நகலெடுத்த கார்டு ஒன்று கையில் இருக்கட்டும்.
– 5 வோல்ட், 3 ஆம்பியர் தேவை. மெல்லிய கேபிளால் மின்னழுத்தம் விழுந்து பெட்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். பழியை மென்பொருள்மேல் போடுவார்கள்!
– 'இணையம் இல்லை' என்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். 'இணைப்பிலேயே இரு' என்பதைத் தொடச் சொல்லிப் பெட்டிமேலேயே எழுதி ஒட்டுங்கள்.
– ஒரே நேரத்தில் நிறையப் பேர் என்றால் பையின் சொந்த வைஃபை திணறும். ஈத்தர்நெட்டில் தனி ரவுட்டர் மாட்டுங்கள்.

தெளிநீர்:
பெட்டியைவிட எனக்குக் கவலை சுருக்கி எழுதுவதில்தான். எண் மிஞ்சும், நிபந்தனை காணாமல் போகும். வெயிலில் பாட்டில் வைத்துக் கிருமி நீக்கும் சோடிஸ் முறையை எடுங்கள். '6 மணி நேரம் வெயிலில் வை' என்று மட்டும் எழுதினால் ஆபத்து. நிறமற்ற பெட் (பிஇடி) பிளாஸ்டிக் பாட்டில், 2 லிட்டருக்கு மேல் கூடாது. வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் அடுத்தடுத்து 2 நாள். விடாத மழையில் இந்த முறையே வேண்டாம். கலங்கல் 30 என்டியூவுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருக்கவேண்டும். கருவி இல்லாவிட்டால், நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின்மேல் நிறுத்தி அதன் வாய்வழியே மேலிருந்து பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் முதலில் வடிகட்டவேண்டும். ஆர்செனிக், ஃபுளோரைடு இதில் போகாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், அடிக்குறிப்பில் அல்ல.

ஊருணி:
நன்றி. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடுகளும் பட்டியலில் உண்டு. அவற்றுக்கும் இதே விதியா?

பதிப்புரிமை_பாலு:
அண்மைக்காலக் கையேடுகள் பெரும்பாலும் சிசி பை-என்சி-எஸ்ஏ 3.0 ஐஜிஓ ('என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது, 'ஐஜிஓ' என்றால் அரசுகளுக்கிடையான அமைப்புகளுக்கானது). விற்காமல் மொழிபெயர்க்கலாம். ஆனால் இது அந்நிறுவனம் செய்த மொழிபெயர்ப்பு அல்ல, உள்ளடக்கத்துக்கும் துல்லியத்துக்கும் அது பொறுப்பல்ல, ஆங்கில மூலமே அதிகாரப்பூர்வமானது என்ற அறிவிப்பைச் சேர்க்கவேண்டும். அவர்கள் சின்னத்தை எடுத்துவிடுங்கள். படங்கள் வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் உள்ள வரியைப் பாருங்கள்.