கையா டிஆர்3 (கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு) முழு விண்மீன் அட்டவணை: ஆய்வகத்தில் பொதுவில் வைப்பது எப்படி?

கேள்வி: சுமார் 180 கோடி வரிசைகள். டூ-மாஸுடன் (அகச்சிவப்பு வான்கணக்கெடுப்பு) பொருத்தி, ஒரே விண்மீனை இரண்டிலும் அடையாளம் காண்பதே முக்கிய வேலை. ஒரே போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) டேபிளா, பார்க்கே (நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும்) கோப்புகளா?

பதில் 1: பார்க்கே. ஹீல்பிக்ஸ் (வானத்தைச் சம பரப்புள்ள துண்டுகளாக்கும் முறை) கட்டங்களாகப் பிரித்துவிடுங்கள். சோர்ஸ் ஐடியை (கையா ஒவ்வொரு விண்மீனுக்கும் தரும் எண்) 2-இன் 49ஆம் அடுக்கால் வகுத்து மீதியை விட்டால் 5ஆம் நிலைக் கட்ட எண் கிடைத்துவிடும். மொத்தம் 12,288 கட்டங்கள்.

பதில் 2: எல்லாம் சமக் கட்டம் என்றால் பால்வழித் தளத்தில் கோப்பு வீங்கும். 10 லட்சம் வரிசை தாண்டும் கட்டத்தை மட்டும் நான்காக உடையுங்கள். எல்லையோரம் 10 ஆர்க்செகண்டுக்குள் (ஆர்க்செகண்டு: ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) இருக்கும் பக்கத்துக் கட்ட விண்மீன்களையும் நகலெடுங்கள். இல்லையேல் ஓரத்து ஜோடிகள் சத்தமில்லாமல் தொலையும்.

பதில் 3: டிஆர்3 இருப்பிடங்கள் 2016.0-க்கானவை (2016ஆம் ஆண்டின் தொடக்கம்), டூ-மாஸ் 1997–2001-இல் எடுத்தவை. சொந்த நகர்வை (விண்மீன் வானில் ஆண்டுதோறும் இடம் மாறும் அளவு) கழித்துப் பின்னோக்கி நகர்த்திய பிறகே பொருத்துங்கள். பர்னார்டு விண்மீன் ஆண்டுக்கு 10 ஆர்க்செகண்டுக்கு மேல் ஓடுகிறது! சோர்ஸ் ஐடி 64 பிட் முழு எண்ணாகவே இருக்கட்டும். மதிப்பில்லாத இடம் கண்டால் பாண்டாஸ் (பைத்தான் தரவு நூலகம்) அதை ஃப்ளோட்டாக்கும் (தசம எண்), கடைசி இலக்கங்கள் போச்சு.