ரஷ்ய அணின்னு சொல்றோமே, உள்ள இருக்கிறவங்க யாரு? நேர்ல பாத்ததை மட்டும் போடுங்க

தாகெஸ்தான் தமிழன்

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு, இங்க இறக்கி வச்சிடறேன்.

2021 அக்டோபர், மஹச்கலா, ரஷ்யாவுல தாகெஸ்தானோட தலைநகர். எம்பிபிஎஸ் படிக்கப் போன கூட்டத்துல நானும் ஒருத்தன். டோட்டா 2ங்கற கம்ப்யூட்டர் கேமோட பெரிய உலகப் போட்டி டிஐ 10, அதோட ஃபைனல் அன்னிக்கு ஹாஸ்டல் வைஃபையை நம்பாம பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கிளப்புல போய் உட்கார்ந்தோம். புக்காரெஸ்ட்ல ஆளில்லாத ஸ்டேடியம், ரஷ்யாவோட ஸ்பிரிட்டும் சீனாவோட எல்ஜிடியும். மீதி எல்லாருக்கும் தெரியும். முதல் ரெண்டு கேம் ஸ்பிரிட், அடுத்த ரெண்டு எல்ஜிடி, அஞ்சாவதுல எல்ஜிடி, மேக்னஸ்ங்கற கதாபாத்திரத்தை எதிரணி எடுக்க முடியாதபடி பேன் பண்ணாம விட்டாங்க.

ஸ்பிரிட்டோட கொலாப்ஸ் மேக்னஸை எடுத்த அந்த நொடியைத்தான் சொல்ல வந்தேன். கிளப்பே எழுந்து நின்னுச்சு. கல்லாவுல இருந்த ஓனர் உட்பட. "மகமேத்! மகமேத்!" கொலாப்ஸோட நிஜப் பேரு மகமேத் கலீலோவ், தாகெஸ்தான்காரர். அந்த ஊர்ல மல்யுத்தம்தான் எல்லாம், எம்எம்ஏ சாம்பியன் கபீபோட மண்ணு. கம்ப்யூட்டர் கேம் ஆடுறவனை வீட்ல திட்டுற ஊரு. அங்க ஒரு டோட்டாக்காரனுக்கு இப்படி ஒரு கூச்சல். மேக்னஸோட ஸ்க்யூவர்ங்கற வித்தையைப் போட்டு எதிராளியை இழுத்துட்டு வரும்போதெல்லாம், மல்யுத்தத்துல ஆளைத் தூக்கி அடிக்கிறப்ப கத்துவாங்களே, அதே கத்தல்.

ஜெயிச்சாச்சு. முதல் பரிசு மட்டும் 1.8 கோடி டாலருக்கு மேல. வேலைக்காக வேற ஊர்ல இருந்து வந்திருந்த ஒரு ரஷ்யப் பையன் "ரஷ்யா!"ன்னு கத்தினான். உடனே பாதி கிளப்பு "தாகெஸ்தான்!"னு திருப்பிக் கத்துச்சு. சண்டை எல்லாம் இல்ல, சிரிச்சுக்கிட்டேதான். எனக்கு வாய் சும்மா இருக்குமா, "ஸ்பிரிட்ல யாத்தோரோவும் மீராவும் உக்ரைன்காரங்கதானே"ன்னு கேட்டேன். ஓனர், "ஆமா, தங்கமான பசங்க"ன்னு சொல்லிட்டு எங்க மேசைக்கு டீ அனுப்பினார். அதுக்கு மேல அதுல பேச என்ன இருக்குங்கற மாதிரி.

அப்புறம் புடினோட வாழ்த்துச் செய்தி வந்துச்சு. டிவியில எல்லாம் ரஷ்ய வெற்றி. நாலு மாசத்துல போர்.

அஞ்சு பேரும் சேர்ந்து நிக்கிற படத்தைப் பிரிண்ட் எடுத்து கிளப் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. போர் ஆரம்பிச்ச பிறகும் அது அங்கதான் இருந்துச்சு. யாரும் கிழிக்கல. ஆனா அந்தப் பக்கம் கையைக் காட்டி யாரும் பேசவும் இல்ல. நான் ஓனர்கிட்ட ஒரு தடவை பேச்சை எடுக்கப் பாத்தேன், அவர் கீபோர்டைத் துடைக்க ஆரம்பிச்சிட்டார். ஸ்பிரிட் என்னமோ பெல்கிரேடுக்கு இடம் மாறிச்சு, அதே ரெண்டு உக்ரைன்காரங்களோட 2023ல சியாட்டில்ல மறுபடி டிஐ ஜெயிச்சுச்சு. கேமின் கிளாடியேட்டர்ஸை 3-0. அன்னிக்கு அந்தக் கிளப்புல என்னன்னு கத்தியிருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நான் அப்ப ஊருக்கு வந்துட்டேன்.

மிட்லேன் முருகன்

ப்ரோ, கதை சூப்பர். ஆனா போர் வந்தும் பசங்க ஒத்துமையா இருந்தாங்கன்னு ஒரு வாசனை அடிக்குது பாருங்க, அது ஸ்பிரிட்டுக்கு மட்டும் பொருந்தும். 2022 ஏப்ரல் கடைசியில நான் லைவா பாத்துக்கிட்டிருந்த மேட்ச் வேற. ரஷ்ய கிளப் விர்ட்டஸ் ப்ரோவோட டோட்டா பசங்க மைண்ட் கேம்ஸ்ங்கற அணியோட ஆடுறாங்க. அவங்கள்ல ப்யூர்ங்கற ஆட்டக்காரன் மினிமேப்ல, அதான் திரை மூலையில இருக்கிற சின்ன வரைபடத்துல, கோடு கிறுக்குறான். எல்லாரும் கிறுக்குறதுதான், நானும் கிறுக்குவேன். ஆனா அவன் போட்டது இசட். ரஷ்ய ராணுவ வண்டிகள் மேல இருந்த அதே குறி. சாட் ரெண்டு செகண்ட் உறைஞ்சு போச்சு, அப்புறம் வெடிச்சுது. டீமை டோர்னமென்ட்ல இருந்தே தூக்கினாங்க, கிளப் அவனோட ஒப்பந்தத்தை ரத்து பண்ணுச்சு. ஒரு கோடு, கண்ணிமைக்கிற நேரம். அதுக்கப்புறம் யார் மினிமேப்ல கோடு போட்டாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

இன்னொண்ணு. "ரஷ்ய அணி"ன்னு எதை வச்சு சொல்றீங்க? கம்பெனி எங்க பதிவாகியிருக்கோ அதுதான் நாடுன்னா ஸ்பிரிட் செர்பியா அணி. ஆடுறவனோட பாஸ்போர்ட்டுதான் கணக்குன்னா, 2021 நவம்பர்ல கவுண்டர்-ஸ்ட்ரைக் (சிஎஸ்) கேமோட பெரிய போட்டியான ஸ்டாக்ஹோம் மேஜரை ஒரு மேப் கூடத் தோக்காம ஜெயிச்ச நாவி என்ன அணி? கிளப் கீவ்ல. அஞ்சுல மூணு பேரு ரஷ்யன். எலக்ட்ரானிக், பெர்ஃபெக்டோ, பூம்பிளா. மீதி ரெண்டு உக்ரைன்காரங்க, சிம்பிளும் பிட்டும். அதை ரஷ்ய அணின்னு கீவ்ல போய் சொல்லிப் பாருங்க.

அப்புறம் அவுட்சைடர்ஸ். 2022 மார்ச்ல போட்டி நடத்துற இஎஸ்எல் நிறுவனம், ரஷ்ய அரசோட தொடர்புள்ள கிளப்புகள் அவங்க பேர்ல ஆடக் கூடாது, ஆட்டக்காரங்க நடுநிலைப் பேர்ல வரலாம்னு சொன்னதும் விர்ட்டஸ் ப்ரோ சிஎஸ் டீம் இந்தப் பேர்ல ஆடுச்சு. அதே பேர்ல ரியோ மேஜரையே தூக்கிட்டாங்க. ஹீரோயிக்கை 2-0. கோப்பையைத் தூக்குறாங்க, சட்டையில கிளப் சின்னம் கிடையாது, கொடி கிடையாது. அதுல கிக்கெர்ட் வேற கசகஸ்தான்காரன். அவனுக்கு ஏன் தண்டனை? அவன் நாடு எந்த சண்டையிலயும் இல்ல. இதைக் கேட்டா "கிளப்புக்குத்தான் தடை"ம்பாங்க. சரி, கிளப்புக்குத் தடைன்னா எதுக்குக் கொடியை எடுத்தீங்க? ஆளுக்குத் தடைன்னா எதுக்கு ஆட விட்டீங்க? யாராச்சும் ஒரு கோட்டைப் போட்டு அதுல நில்லுங்கடான்னு அன்னிக்கே ஒரு பெரிய பதிவு எழுதினேன், லைக்கே விழல.

தாகெஸ்தான் தமிழன்

முருகன் அண்ணே, நான் எல்லாரையும் சொல்லல. அந்த அஞ்சு பேரைச் சொன்னேன். ப்யூர் கதையை இதுல ஏன் இழுக்கறீங்க?

மிட்லேன் முருகன்

தலைப்பே அதானே தம்பி!

குதிரைக்காரி

கேமிங் எனக்குத் தெரியாது, நான் செஸ்.

2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்ல நான் வாலண்டியர். அது மாஸ்கோவுல நடக்க வேண்டியது, போரால பிடுங்கி நம்மகிட்ட குடுத்தாங்க, தெரியும்ல. ரஷ்ய அணிக்கே அனுமதி இல்ல. ஆனா உலக செஸ் அமைப்பான ஃபிடேயோட தலைவர் துவோர்கோவிச் ரஷ்யர். அதே சென்னையில, அதே நாட்கள்ல, திரும்பவும் தலைவரா ஜெயிச்சார், துணைத்தலைவரா நம்ம ஆனந்த். இதை யாரும் பெருசா எடுத்துக்கல.

நான் சொல்ல வந்தது ஒரு பெரியவரைப் பத்தி. வெள்ளை வேட்டி, கையில மடிச்ச பழைய நோட்டு. நேரா என்கிட்ட வந்து "ரஷ்யா எந்த போர்டும்மா?"ன்னார். வரலைங்க ஐயான்னு சொன்னேன். ஏன்னு அவருக்கும் தெரியும், பேப்பர் படிக்கிறவர்தான். இருந்தாலும் வந்துட்டார். "நான் டால் கிளப்புல ஆடினவன்மா"ன்னார். சென்னை சோவியத் கலாச்சார மையத்துல இருந்ததே, உலக சாம்பியன் மிகயீல் டால் பேர்ல, ஆனந்த் சின்ன வயசுல ஆடின இடம். நானே அந்த மையத்துலதான் ரஷ்யன் கத்துக்கிட்டேன், அதனாலதான் எனக்கு வாலண்டியர் வேலையே கிடைச்சுது.

அப்ப எங்க பின்னாடி ரெண்டு பேர் ஏதோ ஒரு எண்ட்கேமை விரலாலேயே காத்துல ஆடிக்காட்டி ரஷ்யன்ல விவாதிச்சுக்கிட்டுப் போனாங்க. பெரியவர் சட்டுனு திரும்பி, "அப்ப இவங்க யாரு?" உஸ்பெகிஸ்தான் ஐயான்னேன். அந்தப் பக்கம் அர்மேனியா, இந்தப் பக்கம் கசகஸ்தான்னு காட்டினேன். ரஷ்ய அணி இல்லாத அந்த ஹால்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் ரஷ்யன்தான் காதுல விழும். அவர் சிரிச்சார். "நான் ஆடுன காலத்துல இவங்கெல்லாம் ஒரே டீம்மா!"

டால் ரீகாவுல பிறந்தவர், பெட்ரோசியன் அர்மேனியர், கெரெஸ் எஸ்டோனியர். எல்லாரையும் நம்ம ஊர்ல "ரஷ்யாக்காரன்"னுதான் சொன்னோம். அந்த ஒலிம்பியாட்ல பொதுப் பிரிவுல தங்கம் உஸ்பெகிஸ்தான், வெள்ளி அர்மேனியா. பெண்கள்ல தங்கம் உக்ரைன். பெரியவர் கடைசி வரைக்கும் இருந்தாரான்னு தெரியல, அந்த நோட்டுல என்ன எழுதி வச்சிருந்தார்னு கேட்காம விட்டதுதான் இன்னிக்கும் உறுத்துது.

வோல்கா ஓரம்

யாரோஸ்லாவ்ல்ல படிச்சேன். அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணி லோகோமோட்டிவ்னு சொன்னாலே ஹாக்கி தெரிஞ்சவங்களுக்குப் புரிஞ்சிடும். 2011 செப்டம்பர் 7, மின்ஸ்குக்கு சீசனோட முதல் மேட்ச் ஆடக் கிளம்பின விமானம் மேலே ஏற முடியாம ஓடுபாதையைத் தாண்டி விழுந்து நொறுங்கிப் போச்சு. 44 பேர். ஒரு அணி மொத்தமா.

எங்க ஹாஸ்டல் வாசல்ல காவலுக்கு இருந்த பாட்டி ஒரு செப்டம்பர் 7 அன்னிக்கு என்னை அவங்க நினைவிடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஜோடி ஜோடியா கார்னேஷன் பூ. இறந்தவங்களுக்கு அங்க இரட்டைப் படையிலதான் வைப்பாங்க. பேரைப் படிச்சுக்கிட்டே வந்தேன். தெமித்ரா ஸ்லோவாக்கியா, ஸ்க்ராஸ்டின்ஷ் லாட்வியா, லிவ் ஸ்வீடன், சாலெய் பெலாரஸ், செக் நாட்டுக்காரங்க மூணு பேர், கோச் மெக்ரிம்மன் கனடா. கசகஸ்தான்ல பிறந்து ஜெர்மனிக்கு ஆடின டீட்ரிச். கீவ்ல பிறந்து ரஷ்யாவோட ஜூனியர் அணியில உலகக் கோப்பை ஜெயிச்ச சோப்சென்கோ.

பக்கத்துல ஒரு பொடியன், அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, "இவங்கெல்லாம் வெளிநாட்டுக்காரங்க, இங்க ஏன் எழுதியிருக்கு?"ன்னு கேட்டான். அப்பா முழிச்சார். எங்க பாட்டி குறுக்க புகுந்து, அதட்டுற குரல்ல, "இவங்க அவங்கவங்க வீட்டுக்கா போனாங்க? நம்ம ஊர் சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடப் போனாங்க"ன்னாங்க. அவ்வளவுதான்.

2025ல லோகோமோட்டிவ் முதல் முறையா கேஹெச்எல்ங்கற ஹாக்கி லீக்கோட ககாரின் கோப்பையை ஜெயிச்சப்ப நான் மதுரையில இருந்தேன், ராத்திரி தூக்கமே வரல. முருகன் கேட்ட "எதை வச்சு ரஷ்ய அணி"ங்கற கேள்வியை அந்தப் பாட்டிகிட்ட கேட்டிருந்தா துடைப்பக்கட்டை எடுத்திருப்பாங்க.

கொக்குவில் பெடியன்

நானும் ஒண்டு சொல்லுறன். 2018 கால்பந்து உலகக் கிண்ணம், மொஸ்கோ, வரபியோவி கோரியில பெரிய திரை போட்டிருந்தவை. சோச்சியில ரஷ்யாவும் குரோசியாவும் காலிறுதி. மேலதிக நேரத்தில 115ஆம் நிமிசம் மாரியோ பெர்னாண்டஸ் தலையால அடிச்சு 2-2. பிரேசிலில பிறந்து ரஷ்யக் குடியுரிமை எடுத்தவர். என்னைத் தெரியாத ஒருத்தர் என்னைக் கட்டிப்பிடிச்சுக் குலுக்கு குலுக்கெண்டு குலுக்கினார். பிறகு பெனால்டியில அதே பெர்னாண்டஸ் வெளியில அடிச்சிட்டார். கட்டிப்பிடிச்ச அதே ஆள் "பிரேசில்காரன்!" எண்டு காறித் துப்பினான். அவனுக்குப் பக்கத்தில நிண்ட கிழவர் ஒருத்தர் நிதானமாக் கேட்டார்: "முதல் பெனால்டியை விட்டது ஸ்மோலோவ். அவன் எந்த ஊர்?" அவனிட்ட பதில் இல்லை.

இனி ரஷ்யாவுக்குப் படிக்கப் போற பிள்ளையளுக்குச் சில விசயம், ஒருத்தரும் கேக்கேல்லைத்தான், எண்டாலும் சொல்லுறன். கால்பந்து பாக்கப் போறதெண்டால் 2022க்குப் பிறகு ஃபேன் ஐடி எண்ட ரசிகர் அடையாளப் பதிவு வேணும். கொசுஸ்லுகி எண்ட அரச இணையத்தளத்தில கணக்குத் திறந்து, பதிஞ்சு, உறுதிப்படுத்தி எடுக்கிற அலுவல். மட்ச் அண்டு ஓடித் திரியாதேங்கோ. இதை எதிர்த்தே கன உள்ளூர் ரசிகர்கள் மைதானத்துக்குப் போறதை விட்டவை. டிக்கெட் எடுக்கேக்க கோல் கம்பத்துக்குப் பின்னால இருக்கிற பகுதியை எடுக்காதேங்கோ, மலிவுதான், ஆனா அது தீவிர ரசிகர்களின்ர இடம், முழு நேரமும் நிண்டு கத்தோணும், புதுமுகத்தை ஒரு மாதிரித்தான் பாப்பினம். நடுப்பகுதியில குடும்பங்கள் இருக்கிற பக்கம் எடுங்கோ. ஸ்பார்த்தக் மட்சுக்குச் சிவப்பு-நீலத்தில போகாதேங்கோ, அது எதிரிக் கிளப் சிஎஸ்கேஏயின்ர நிறம். மெட்ரோவில கிளப்பின்ர கழுத்துத் துண்டைப் பையுக்குள்ள வையுங்கோ, அரங்கில கழுத்தில போடலாம். கறுப்புத் தோல் எண்டால் பிரச்சினையோ எண்டு கேப்பியள். 2012இல சென்ட் பீட்டர்ஸ்பர்க் கிளப் ஜெனித்தின்ர ரசிகர் கூட்டம் ஒண்டு கறுப்பின ஆட்டக்காரர் வேண்டாம் எண்டு பகிரங்கமாக் கடிதம் எழுதினது, கிளப் ஏற்கேல்லை. பிறகு அதே ஜெனித்தில மல்கொம், கிளவுடின்யோ, வென்டெல் எண்டு பிரேசில்காரர் நிரம்பினவை, அதே ஆக்கள் அவையின்ர பேரைச் சொல்லிப் பாடினவை. மாறிட்டினமோ எண்டால், வெல்லும் வரைக்கும் மாறியிருப்பினம். ராத்திரி மட்சுக்குத் தனியப் போகாதேங்கோ. பாஸ்போட்டும் பதிவுத் துண்டும் கையில இருக்கட்டும், பொலிஸ் கேக்கும். குளிருக்கு இரண்டு சோடி காலுறை.

மிட்லேன் முருகன்

பாட்டி துடைப்பத்தை எடுக்கட்டும், நான் கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கு. கேஹெச்எல்ல குன்லுன் ரெட் ஸ்டார்னு ஒரு "சீன அணி" இருந்துச்சே, கொரோனாவுக்கு அப்புறம் சொந்த மைதானம் மாஸ்கோ பக்கத்துல மைதிச்சியில. ஆடினவங்கள்ல பாதி வட அமெரிக்கப் பசங்க. பெய்ஜிங் 2022ல அவங்களே சீன தேசிய அணியா இறங்கினாங்க. ஜெர்மி ஸ்மித்துன்னு ஒரு கோல்கீப்பர், சட்டையில சீனப் பேரு. வோல்கா ஓரம், நீங்க அந்த அணி யாரோஸ்லாவ்ல் வந்தப்ப பாத்திருக்கீங்களா?

வோல்கா ஓரம்

பாத்திருக்கேன். எங்க கிளாஸ்ல படிச்ச சீனப் பசங்களும் வந்திருந்தாங்க. எல்லாரும் லோகோமோட்டிவுக்குத்தான் கத்தினாங்க.

குதிரைக்காரி

அந்த மேட்சுக்கு ஃபேன் ஐடி கேட்டாங்களா?

வோல்கா ஓரம்

ஹாக்கிக்கு அப்ப கேட்கல. பாட்டிதான் காலுறை போட்டிருக்கியான்னு கேட்டாங்க.