வானொலி, டிவிச் செய்தியில பக்கச்சார்பைப் பிடிக்கிறது எப்பிடி? வன்னி ஆக்கள் தெரிஞ்சதை எழுதுங்கோ

ஒட்டுசுட்டான்:
வன்னியில செய்தி கேக்கிற பழக்கமே ஒப்பிட்டுக் கேக்கிறதிலதான் வளர்ந்தது. 1990 நவம்பரில புலிகளின் குரல் தொடங்கின பிறகு ஒரு சண்டைக்கு அங்க ஒரு கணக்கு, இலங்கை வானொலியில இன்னொரு கணக்கு. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைச் சுத்தித்தான் ரேடியோ. டைனமோ தாறது 6 வோல்ட், 3 வாற், அதுவும் ஏசி. நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு டிசி ஆக்கவேணும். கப்பாசிற்றர் சின்னனெண்டால் செய்திக்கு மேலால உறுமல்தான் கேக்கும். ஆர்வத்தில வேகமாச் சுத்தினால் வோல்ட் ஏறி ரேடியோ எரிஞ்சுபோம்.

இவ்வளவு பாடு எண்டதால எல்லாரும் எல்லா நிலையமும் கேக்கேல்லை. கேட்டவர் மற்ற வீட்டுக்குச் சொல்லுவார். அந்த இடத்திலதான் செய்தி திரும்பும். "புலிகள் தெரிவித்துள்ளனர்", "இராணுவப் பேச்சாளர் கூறினார்" எண்டு பிபிசி வாசிச்சது, படலையடியில "பிபிசியே சொல்லிப்போட்டான்" எண்டு மாறியிருக்கும். இண்டைக்கு வாட்ஸ்அப்பில வாற துண்டு வீடியோவுக்கும் இதே வருத்தம்தான். முதல்ல பாக்கவேண்டியது, ஆர் சொன்னதா அந்த நிலையம் சொன்னது எண்டதை.

இன்னொண்டு, நேரம். 1996 இல கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது, வன்னி பழைய நேரத்திலேயே நிண்டது. அந்த வருசம் ஒக்டோபரில இருந்து 2006 ஏப்ரல் வரை அரை மணித்தியால வித்தியாசம். அந்தக் காலத்துப் பதிவுகளை ஒப்பிடுறவை இதைக் கழிக்காட்டி ஒரு சம்பவம் ரெண்டாத் தெரியும்.

புதுக்குடியிருப்பு:
பொய் சொல்லுறதைப் பிடிக்கிறது லேசு. சொல்லாமல் விடுறதைத்தான் பிடிக்கேலாது. 2009 தொடக்கத்தில வன்னிக்குள்ள சனம் 70,000 அளவுதான் எண்டு அரசாங்கம் சொன்னது, அரச ஊடகமும் அதையே வாசிச்சது. ஐநா 250,000 எண்டது. கடைசியில முகாமுக்கு வந்து சேர்ந்தது ஏறக்குறைய 290,000 பேர். அந்த எண் வெறும் எண் இல்லை. சாப்பாடும் மருந்தும் அந்தக் கணக்கிலதான் வந்தது.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். பாதுகாப்பு வலயத்துக்குள்ள படையினர் எறிகணை அடிச்சது, வெளியேற வெளிக்கிட்ட சனத்தைப் புலிகள் சுட்டது, ரெண்டுமே நம்பத்தகுந்த குற்றச்சாட்டு எண்டு ஐநா நிபுணர் குழு 2011 இல எழுதினது. அரச ஊடகத்தில முதலாவது இல்லை, புலிகளின் ஊடகத்தில ரெண்டாவது இல்லை. ஒண்டை மட்டும் கேட்டவைக்குப் பாதிதான் கிடைச்சது, ஏனெண்டால் ஒவ்வொருவரும் மற்றவரின்ர குற்றத்தைத்தான் வாசிச்சினம்.

கிளிநொச்சி:
அளந்து பாக்க விரும்புறவைக்கு. ஒரு நிலையத்தின்ர அரை மணிச் செய்தியை ஒரு கிழமை முழுக்க ஃபோனில பதியுங்கோ. ஒரு நாளை மட்டும் வச்சுக் கதைச்சால் "அண்டைக்கு அப்பிடி நடந்தது" எண்டு தட்டிவிடுவினம். கொப்பியில ஐஞ்சு கோடு: எத்தனையாவது செய்தி, எத்தனை வினாடி, ஆரின்ர சொந்தக் குரல், ஆரைப்பற்றி வாசிப்பாளர் மட்டும் சொன்னவர், எதிர்த்தரப்பிட்டக் கேட்டதா இல்லையா.

வினாடியை மட்டும் கூட்டினால் பிழைக்கும். சனாதிபதியும் அமைச்சர்மாரும் பதவியில இருக்கிறபடியால் எப்பிடியும் கூட நேரம் வரும். கட்டடம் திறந்தது, மாலை போட்டது எல்லாத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கிப்போட்டு, பிணக்குள்ள விசயத்தை மட்டும் எண்ணுங்கோ. நாலாவது கோடுதான் முக்கியம். அமைச்சர் தன்ர வாயால 40 வினாடி கதைக்க, ஆர்ப்பாட்டம் செய்த சனத்தின்ர கோரிக்கையை வாசிப்பாளர் ஒரு வரியில முடிச்சால், கூட்டுத்தொகை என்னவா இருந்தாலும் விசயம் விளங்கும்.

ஓடுற எழுத்தை மறக்காதேங்கோ. வாசிக்கேக்க "சந்தேகநபர்", கீழ ஓடேக்க "பயங்கரவாதி". கடையில சத்தம் குறைச்சு வச்ச டிவியில சனம் பாக்கிறது கீழ ஓடுறதைத்தான்.

முல்லைத்தீவு:
உள்ளூர் உதாரணம் குருந்தூர்மலை, சைவச் சனம் கும்பிடுற இடத்தில புத்த விகாரை கட்டினதால பிணக்கான மலை. புதிய கட்டுமானத்துக்கு முல்லைத்தீவு நீதிமன்றம் 2022 இல தடை போட்டது. சிங்களச் செய்தி கேக்கத் தெரிஞ்ச ஆள் ஒருவரைப் பக்கத்தில வச்சு, அந்த மலையைப்பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பாருங்கோ: நீதிமன்றக் கட்டளையைப்பற்றி ஒரு வரியாவது வந்ததா? வராட்டி வழிபடப் போன சனம் கலகக்காரராத்தான் தெரியும். தமிழ் அலைவரிசைக்கும் ஒரு கேள்வி இருக்கு: அது பிரித்தானியர் காலத்திலேயே வர்த்தமானியில தொல்லியல் இடமா அறிவிச்ச மலை எண்டதைச் சொன்னதா? அனேகமாச் சொல்லாயினம். சொன்னால் வாதம் பலவீனமாப் போகுமெண்டு பயம், ஆனால் போகாது. தொல்லியல் இடம் எண்டால் ஆருமே புதிசாக் கட்டக்கூடாதே.

மாங்குளம்:
பக்கச்சார்பு எந்த இடத்தில தீவிரவாதமாகுது எண்டதுக்கு ருவாண்டாவின்ர ஆர்டிஎல்எம் வானொலியைப் பாக்கவேணும். 1993 யூலையில தொடங்கேக்க பாட்டும் பகிடியும்தான், இளம் ஆக்கள் அதுக்காகத்தான் கேட்டவை. பிறகு அங்க சிறுபான்மையான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி எண்டது. 1994 இல கொலை தொடங்கினதும் ஆட்களின்ர பேரையும் ஒளிச்சிருக்கிற இடத்தையும் வாசிச்சது. அதை நடத்தினவைக்கு 2003 டிசம்பரில ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் தண்டனை குடுத்தது. வசவு ஒரு படி. பேரும் இடமும் வந்தால் அது செய்தியே இல்லை. எங்கட பக்கத்தில "துரோகி" எண்டு ஆளின்ர படத்தோட போடுற யூடியூப் சனல்களையும் இந்த அளவுகோலால அளக்கலாம்.

வவுனியா:
முறைப்பாடு செய்யிறவை கவனியுங்கோ. பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு அச்சு ஊடகத்துக்கு, டிவிக்கு எழுதி நேரத்தை வீணாக்காதேங்கோ. தேர்தல் காலமெண்டால் தேர்தல் ஆணைக்குழுவின்ர ஊடக வழிகாட்டி இருக்கு, அங்க எழுதலாம். திகதி, செய்தி தொடங்கின நேரம், எத்தனையாவது நிமிசம், சொன்ன வசனம் அப்பிடியே, பதிவின்ர பிரதி. "உங்கட செய்தி பக்கச்சார்பு" எண்டு மட்டும் எழுதினால் பதில் வராது.

ரூபவாஹினி, இலங்கை வானொலி மாதிரி அரச நிறுவனத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் செல்லும். தமிழில எழுதலாம், ஏன் கேக்கிறீங்கள் எண்டு சொல்லத் தேவையில்லை. "ஏன் எங்கட போராட்டத்தைக் காட்டேல்லை" எண்டு கேட்டால் மறுத்துவிடுவினம், அது கருத்து. இன்ன திகதி இரவுச் செய்தியின்ர எழுத்துப்பிரதி, இன்ன நிகழ்ச்சிக்கு அனுசரணை தந்தவர் ஆர், எவ்வளவு வாங்கினது எண்டு கேளுங்கோ, அது ஆவணம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். மறுத்தால் 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத் தபாலில அனுப்பி, துண்டைப் படமெடுத்து வச்சுக்கொள்ளுங்கோ. "கடிதம் கிடைக்கேல்லை" எண்ட பதில்தான் முதல்ல வாறது.