மர்மரா கடலை மூடிய கொழகொழப்பு: தமிழில் என்ன பெயர் எழுதலாம்?

கோத்தகிரி_டீச்சர்:
வணக்கம். 2021இல் துருக்கியின் மர்மரா கடலை மூடிய கொழகொழப்பான படலம் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சிப் பலகை செய்கிறார்கள். ஒருத்தி 'கடல் பாசி' என்று எழுதியிருக்கிறாள், ஒருவன் 'கடல் நுரை', இன்னொருவன் செய்தியில் பார்த்த 'கடல் சளி'. எதை வைப்பது? மேசையில் செய்துகாட்ட ஒரு சோதனையும் வேண்டும். இங்கே ஊற்றுநீர்த் தொட்டிச் சுவரில் ஆரஞ்சு நிறமாக வழவழவென்று படிகிறது, ஊட்டி ஏரி ஓரத்தில் பச்சையாக மிதக்கிறது. அவையும் இதுதானா என்று பார்வையாளர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

மிதவை:
டீச்சர், நுரையும் பாசியும் வேண்டாம். நுரை என்பது காற்றுக்குமிழி. 2019 டிசம்பரில் சென்னைக் கடற்கரையில் ஒதுங்கியதே, அது நுரை. பாசி என்றால் உயிருள்ள செல்கள் பெருகி நிறம் மாறுவது. அதே 2019இல் மன்னார் வளைகுடாவில் தண்ணீரைப் பச்சையாக்கிய நாக்டிலுகா அந்த வகை, பாம்பன் பக்கத்து மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள்.

மர்மராவில் மிதந்தது செல்கள் வெளியே விட்ட பொருள். டையாட்டம், டைனோபிளாஜெல்லேட் போன்ற நுண்பாசிகள் வெயிலில் சர்க்கரை தயாரித்துக்கொண்டே இருக்கும். நீரில் நைட்ரஜன் ஏராளம், பாஸ்பரஸ் குறைவு என்று சமன் குலைந்தால் செல் பிரிந்து பெருக முடியாது. மிஞ்சிய சர்க்கரையை நீண்ட பாலிசாக்கரைடு சங்கிலிகளாகக் கசியவிடும். கடல்நீரின் கால்சியம் அந்தச் சங்கிலிகளைப் பிணைக்க, இழை, துகள், மேகம் என்று திரளும். பாக்டீரியா அதைச் சிதைப்பதைவிட உற்பத்தி வேகமாக இருந்தால் படலம் தங்கிவிடும்.

ஆகவே 'கடற்பிசின்' என்று எழுதுங்கள். கருவேலம் பிசினும் மரத்திலிருந்து கசியும் பாலிசாக்கரைடுதான். ஊறிய பாதாம் பிசினைப் பார்த்தவருக்கு இதன் தன்மை சட்டென்று விளங்கும். சளி என்பது விலங்கு உடலில் ஊறும் புரதம் கலந்த பொருள், வேதியியல் வேறு. படிப்பவர் செய்தியோடு பொருத்திக்கொள்ள 'கடல் சளி'யை அடைப்புக்குறியில் கொடுத்தால் போதும்.

மர்மராவின் அமைப்பையும் பலகையில் வரையுங்கள், பாடமே அதில்தான் இருக்கிறது. மேலே கருங்கடலிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீர், லிட்டருக்குச் சுமார் 22 கிராம். கீழே மத்தியதரைக் கடலின் கனத்த நீர், சுமார் 38 கிராம். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. ஏறத்தாழ 25 மீட்டர் ஆழத்து எல்லையில் பிசின் தேங்கும். உள்ளே வாயுக்குமிழி சிக்கினால் மேலே எழும், குமிழி போனதும் மூழ்கிப் பவளங்களை மூடும், அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். மேற்பரப்பில் உறிஞ்சி எடுத்தது சிறு பகுதியே. நைட்ரஜனைக் கொண்டுவந்து சமனைக் குலைப்பது கரையிலிருந்து வரும் கழிவுநீர், அதைக் குறைக்காமல் பிசின் நிற்காது.

வழுவழுப்பு:
'கடல் வழும்பு' என்றால் குழந்தைக்கு இன்னும் எளிதாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

மிதவை:
வழும்பு என்றதும் மீன் மேலிருக்கும் வழுவழுப்புதான் நினைவுக்கு வரும். மீனிலிருந்து வந்தது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

ஆய்வகமேசை:
சோதனைக்கு சோடியம் ஆல்ஜினேட் எடுங்கள், அதுவும் பழுப்புக் கடற்பாசியின் பாலிசாக்கரைடு. 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம். மொத்தமாகக் கொட்டினால் கட்டி பிடித்துக் கரையாது. கிண்டிக்கொண்டே சிறிது சிறிதாகத் தூவி, இரவு முழுக்க மூடி வையுங்கள், குமிழிகளும் அடங்கும். கடினநீரில் செய்தால் அதன் கால்சியமே தொடக்கத்தில் திரித்துவிடும். சுத்தமாகப் பிடித்த மழைநீர் சரிப்படும்.

இரண்டு கிளாஸில் 50 மி.லி. வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் 1 சதவீத சமையல் உப்புக் கரைசல் 2.5 மி.லி., எதுவும் ஆகாது. மற்றதில் அதே அளவு 1 சதவீத கால்சியம் குளோரைடு கரைசல் விட்டு மெல்லக் கிண்டுங்கள், தொளதொளவென்று திரியும். கால்சியத்தைக் கூட்டினால் கெட்டி உருண்டையாகிவிடும், கடற்பிசின் போல இழுபடாது. உப்பு கிளாஸை விட்டுவிடாதீர்கள், கால்சியத்தின் வேலை அதனால்தான் தெரிகிறது.

குழாயடி:
மலையில் இருப்பவை இரண்டும் வேறு. தொட்டியில் படிவது பெரும்பாலும் இரும்பு பாக்டீரியா. மண்ணுக்குள் ஆக்சிஜன் இல்லாமல் கரைந்த இரும்பு, ஊற்று வெளிவந்ததும் துருவாகிறது. அந்த ஆக்சிஜனேற்றத்தால் வாழும் பாக்டீரியா உறை கட்டுகிறது. மேலே எண்ணெய்ப் படலம் போல மின்னினால் குச்சியால் தொடுங்கள். சில்லுசில்லாக உடைந்தால் பாக்டீரியா, மறுபடி சேர்ந்துகொண்டால் எண்ணெய்.

சுத்தம் செய்யத் தண்ணீரை வடித்து முதலில் தேய்த்து எடுக்க வேண்டும், குளோரின் தடித்த படலத்தை ஊடுருவாது. பிறகு 1000 லிட்டருக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 150 கிராம். அதை பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி 12 மணி நேரம் விடுங்கள், லிட்டருக்குச் சுமார் 50 மி.கி. குளோரின் கிடைக்கும். அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். மூடிய தொட்டிக்குள் தனியாக இறங்க வேண்டாம். கழிவை ஓடையில் விட்டால் மீன் சாகும். வாசனை போகும்வரை அலசிய பிறகே குடிக்க. இரும்பு வருவது நிற்காதவரை படலம் திரும்ப வரும். தொட்டிக்கு முன் ஜல்லித் தட்டில் தண்ணீரைத் தூவலாக விழவிட்டு, மணல் வடிப்பானில் செலுத்தினால் துரு அங்கேயே தங்கும்.

ஏரியில் மிதப்பதைக் குச்சியால் தூக்கிப் பாருங்கள். முடிக்கற்றை போலத் தொங்கினால் இழைப்பாசி. பச்சை பெயிண்ட் போல ஒட்டினால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகியுங்கள். ஜாடியில் முக்கால்வாசி நிரப்பி ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், பச்சை மேலே திரள்வதும் அதற்கே அடையாளம். கையுறை போடாமல் பிள்ளைகளை எடுக்கவிடாதீர்கள், மாடு நாய் குடிக்கவும் விடக்கூடாது. சில வகைகளின் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

கோத்தகிரி_டீச்சர்:
மிக்க நன்றி. ஏரி மாதிரியை மூடிய ஜாடியில் வைக்கலாமா?

குழாயடி:
வைக்கலாம் டீச்சர், ஆனால் மூடியை இறுக்க வேண்டாம். அழுகினால் வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கலாம். கண்காட்சிக்கு முந்தின நாள் எடுத்தால் போதும்.