வேதன உண்டோ?

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் வீடு. பஞ்சாயத்து ஆபீஸுக்குள் மலையாளம், வாசலைத் தாண்டினால் தமிழ். கோயம்புத்தூரில் ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமோ முடித்து, அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையின் சர்ஜரி வார்டில் 7 வருடம் இருந்தேன். இப்போது ஊரிலேயே பாலியேட்டிவ் ஹோம் கேர் நர்ஸ், அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியைத் தணிக்க வீட்டுக்கே போகிறவள். நர்ஸிங் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இதை வாசிக்கிறீர்கள் என்பதால் இரண்டு சம்பவங்களை எழுதுகிறேன்.

முதலாவது, நான் வார்டில் சேர்ந்த புதிதில் நடந்தது. வேலந்தாவளத்து அம்மா ஒருவருக்குக் குடல் அடைப்பு. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் கேட்க வேண்டும் என்று படித்திருந்தேன், கேட்டேன். "பரவால்ல அம்மணி, இருக்கட்டும்" என்றார். சார்ட்டில் 2 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அசையாமல் மல்லாந்து கிடப்பவருக்கு அந்த நேரத்தில் வலி குறைவாகத்தான் இருக்கும். ஆனால் இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து, வந்த இருமலையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சளி வெளியேறாமல் தேங்கி, மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்கல், நிமோனியா. பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்த 2 என் கையால் எழுதியது, இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு படுத்திருப்பவரிடம் வலி எவ்வளவு என்று மட்டும் கேட்டு விட்டதில்லை. தலையணையை மடித்துத் தையல் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ளச் சொல்லி, "எங்க, ஒருக்கா இருமுங்க" என்பேன். முகமே சொல்லிவிடும். வலி மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் மூச்சுப் பயிற்சி, நடை எல்லாம். மூச்சுப் பயிற்சிக்கென்று இருக்கும் மூன்று பந்து வைத்த கருவியைக் கொடுத்தால் பாதிப் பேர் ஊதுவார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். "ஸ்ட்ரா போட்டு இளநீ குடிக்கற மாதிரி மெதுவா இழுங்க" என்று சொல்லிப் பாருங்கள், பந்து மேலே போகும்.

இரண்டாவது, போன மழைக்காலத்தில். கேரளம் பாலியேட்டிவ் கேருக்கென்று 2008இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இந்தியாவில் முதலில் செய்த மாநிலம் இதுதான். அதனால் நர்ஸ் வண்டியில் வீடு தேடி வருவது இங்கே புதுமை இல்லை. ஆனால் வருகிறவர் பல நேரம் மலையாளம் மட்டும் பேசுகிறவராக இருப்பார். அன்று என்னோடு வந்த பயிற்சி மாணவியும் கோட்டயத்துப் பெண்.

தென்னந்தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு. வீட்டுக்காரருக்கு வாயில் புற்று, கன்னத்தில் புண் வெளியே திறந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்த துணியை, உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரால் நனைத்து ஊறவிட்டேன். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும். நாற்றத்துக்குப் புண் மேல் தூவ மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தபோது மாணவி அவரிடம் குனிந்து, "வேதன உண்டோ?" என்று கேட்டாள்.

மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி. நமக்கு வேதனை மனசில். அவர் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்திருந்துவிட்டு, "வேதனை இல்லாம எப்படி சாமி? சின்னவள இன்னும் கட்டிக் குடுக்கலயே" என்றார். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்கு முன் மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். வலி இருக்கா, மாத்திரை சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்டேனே தவிர, இந்தப் பேச்சு வர நான் இடமே கொடுக்கவில்லை. நர்ஸாகத் தொடங்கி டாக்டரான சிசிலி சாண்டர்ஸ், உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று சொன்னதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள்தான் நானும்.

அப்புறம் "வலிக்குது" என்றார். மாணவி உடனே ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டாள். அவர்கள் ஊரில் வலிவு என்றால் மூச்சிழுப்பு! நான் குறுக்கிட்டு, "எப்படி வலிக்குதுங்க?" என்றேன். "எரியுது. காதுக்குள்ள மின்னலாட்டம் வெட்டுது" என்றார். எரிவதும் வெட்டுவதும் நரம்பு வலியின் பேச்சு. கடும் வலிக்கான மார்ஃபின் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. அது மட்டும் போதவில்லை. நோயாளி சொன்ன சொல்லையே டாக்டரிடம் போனில் சொன்னேன். நரம்பு வலிக்கு உதவும் அமிட்ரிப்டிலின் மாத்திரையை டாக்டர் ராத்திரிக்குச் சேர்த்தார். அடுத்த வாரம் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று மனைவி சைகை காட்டினார்.

இப்போது மாணவி ஒரு நோட்டில் மலையாள எழுத்தில் நம் சொற்களை எழுதி வைத்திருக்கிறாள். முறுக்குது என்றால் குடலைப் பார். விண்விண்ணுனு தெறிக்குது என்றால் சீழ் கோத்திருக்கிறதா பார். உங்கள் ஊர்ச் சொல் இருந்தால் எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.

—

பீர்மேடு எஸ்டேட்டிலிருந்து எழுதுகிறேன் அக்கா. நான் நர்ஸ் இல்லை, மகள். அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் நன்றாக இருந்தார். பிறகு மார்ஃபின் எழுதிக் கொடுத்தபோது பழக்கமாகிவிடும் என்று பயந்து, பாதி மாத்திரையை நானே எடுத்து ஒளித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த சிஸ்டர் திட்டவில்லை. வலிக்குத் தகுந்த அளவில் கொடுத்தால் பயப்பட வேண்டாம், மலச்சிக்கல் வரும், அதற்கான மாத்திரையை ஒரு நாளும் விடாதே என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

உங்கள் நோட்டுக்கு எங்கள் லயத்து, அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளின், சொல் ஒன்று: குடையுது. ராத்திரியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கொழுந்துக் கூடை சுமந்த இடுப்பு, அப்படித்தான் இருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். எலும்புக்குப் பரவியிருந்தது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது.